லோட் டெஸ்டிங் டூல்: விலை கேட்பதற்கு முன் போட வேண்டிய கணக்கு

"ஜேமீட்டர் சும்மாவே கிடைக்குதே, எதுக்குக் காசு?" என்று ஒரு பக்கம். "காசு கொடுத்தாத்தான் சப்போர்ட் வரும்" என்று இன்னொரு பக்கம். லோட் டெஸ்டிங் டூல் (ஒரே நேரத்தில் நிறைய பேர் வந்தால் சர்வர் தாங்குமா என்று சோதிக்கும் மென்பொருள்) பற்றிய பேச்சு பெரும்பாலும் இதிலேயே முடிந்துவிடுகிறது. இரண்டு பக்கமும் கேட்க மறப்பது ஒன்றுதான்: உங்கள் அப்ளிகேஷன் சர்வரோடு எந்த புரோட்டோகாலில் (தகவல் பரிமாறும் விதிமுறையில்) பேசுகிறது?

ஹெச்டிடிபி, வெப்சாக்கெட், ஜிஆர்பிசி, இவ்வளவுதான் என்றால் ஓப்பன் சோர்ஸ் (இலவச) டூலே போதும் என்று அடித்துச் சொல்வேன். ஜேமீட்டர், காட்லிங், லோகஸ்ட், கே6 இவற்றில் உங்கள் டீமுக்குக் கைவந்த மொழி எதுவோ அதை எடுங்கள். பைத்தான் என்றால் லோகஸ்ட், ஜாவாஸ்கிரிப்ட் என்றால் கே6. ஆனால் எஸ்ஏபியின் டெஸ்க்டாப் திரை, சிட்ரிக்ஸ், பழைய ஆரக்கிள் ஃபார்ம்ஸ் என்று தனி புரோட்டோகாலில் பேசும் நிறுவன மென்பொருள் பக்கம் போனால் கதையே வேறு. அங்கே லோட்ரன்னர், நியோலோட் மாதிரி வணிக டூல்கள் பல வருட உழைப்பைத் தயாராக வைத்திருக்கின்றன. அதை நீங்களே எழுத உட்கார்ந்தால், லைசென்ஸ் காசைவிடச் சம்பளக் காசு அதிகமாகப் போகும்.

அடுத்தது எண்ணிக்கை. வணிக லைசென்ஸ் பெரும்பாலும் விர்ச்சுவல் யூசர் (டூல் உருவாக்கும் போலிப் பயனர்) கணக்கில்தான் வரும். "10,000 பேர் பதிவு செய்திருக்கிறார்கள், அதனால் 10,000 லைசென்ஸ்" என்று கேட்டு வாங்குவது காசைக் கொட்டுவது. லிட்டில் விதிப்படி போடுங்கள்: நொடிக்கு எத்தனை ரிக்வெஸ்ட், அதைப் பெருக்கல் ஒரு சுற்றுக்கு (பதில் வருவது, பயனர் யோசிப்பது இரண்டும் சேர்த்து) ஆகும் நேரம். உச்ச நேரத்தில் நொடிக்கு 50 ரிக்வெஸ்ட், பதில் வர 0.5 நொடி, பயனர் யோசிக்க 9.5 நொடி என்றால் 50 × 10 = 500 யூசர். 500 எங்கே, 10,000 எங்கே! நொடிக்கு எத்தனை என்பது சர்வர் ஆக்சஸ் லாகிலேயே (வந்த ரிக்வெஸ்ட்களின் பதிவேட்டிலேயே) இருக்கிறது. அதைப் பார்க்காமல் விலை கேட்கவே கூடாது.

எந்த டூலாக இருந்தாலும் ஏமாற்றுகிற இடம் ஒன்று உண்டு. ஒரு த்ரெட் (ஒரு யூசராக நடிக்கும் ஓட்டம்), பதில் வந்ததும் அடுத்தது என்று 0.1 நொடிக்கு ஒரு ரிக்வெஸ்ட், 100 நொடி டெஸ்ட் என்று வையுங்கள். நடுவில் சர்வர் 10 நொடி தொங்கிவிடுகிறது. த்ரெடும் சேர்ந்து காத்துக்கொண்டு நிற்கும். ரிப்போர்ட்டில் சுமார் 900 வேகமான பதில், ஒரே ஒரு 10 நொடிப் பதில். 99ஆம் பெர்சன்டைல்கூட (100க்கு 99 பதில் இந்த நேரத்துக்குள் வந்தது என்ற அளவு) 0.1 நொடிதான் காட்டும். நிஜத்தில் அந்த 10 நொடியிலும் ஆட்கள் வந்துகொண்டேதான் இருப்பார்கள்: 1,000 ரிக்வெஸ்ட்டில் 100 மாட்டிக்கொள்ளும், 95ஆம் பெர்சன்டைல் 5 நொடியைத் தொடும். மென்பொருள் பொறியாளர் கில் டெனே இதற்கு கோஆர்டினேட்டட் ஒமிஷன் என்று பெயர் வைத்தார். நீங்கள் எடுக்கும் டூலில் வருகை வீதத்தை (பதிலுக்குக் காத்திராமல் நொடிக்கு எத்தனை ரிக்வெஸ்ட் என்பதை) நேரடியாக நிர்ணயிக்க முடிகிறதா என்று கட்டாயம் பாருங்கள். கே6, காட்லிங்கில் முடியும். ஜேமீட்டரில் 5.5 பதிப்பு முதல் இதற்கென ஓப்பன் மாடல் த்ரெட் குரூப் இருக்கிறது.

இலவச டூலில் உண்மையான செலவு லோட் அனுப்பும் மெஷினைப் பராமரிப்பதில் இருக்கிறது. லினக்ஸில் வெளியே போகும் இணைப்புக்கான போர்ட்டுகள் (இணைப்பு எண்கள்) இயல்பாக 32768 முதல் 60999 வரை, மொத்தம் 28,232. நம் பக்கம் முதலில் மூடிய இணைப்பு 60 நொடி டைம்-வெயிட்டில் கிடக்கும், அதுவரை அந்த போர்ட் திரும்பக் கிடைக்காது. கீப்-அலைவ் (ஒரே இணைப்பைத் திரும்பப் பயன்படுத்துவது) இல்லாமல், ஒரே முகவரிக்கு நொடிக்குச் சுமார் 470 புது இணைப்பைத் தாண்டினால் போர்ட் தீர்ந்து எரர் கொட்டும். சர்வர்தான் விழுந்தது என்று டெவலப்பரைப் பிடிப்பார்கள், பாவம். சிபியு 80 சதவீதத்தைத் தாண்டிய மெஷின் தரும் அளவையும் நம்பாதீர்கள்.

ஜேமீட்டரை வரைகலைத் திரையில் ஓட்டி அளக்கவே வேண்டாம், கமாண்ட் லைனில் ஓட்டுங்கள். பல மெஷினில் பிரித்து ஓட்டும்போது த்ரெட் எண்ணிக்கை பங்கு பிரியாது, பெருகும்: 1,000 த்ரெட், 6 மெஷின் என்றால் 6,000. டெஸ்ட் தரவு இருக்கும் சிஎஸ்வி ஃபைலை ஒவ்வொரு மெஷினிலும் நீங்களே வைக்க வேண்டும். தனித்தனி மெஷினின் 95ஆம் பெர்சன்டைல்களைக் கூட்டிச் சராசரி எடுப்பது சுத்தத் தவறு. மூல அளவுகளை ஒன்று சேர்த்த பிறகுதான் பெர்சன்டைல் எடுக்க வேண்டும். இதையெல்லாம் கவனிக்க ஆள் இல்லாத டீம், கிளவுடில் லோட் அனுப்பித் தரும் சேவையைத் தேவைப்படும் சில வாரத்துக்கு மட்டும் எடுப்பதில் தப்பே இல்லை.

டெமோ பார்க்கும்போது விற்பவர் காட்டும் ஷாப்பிங் தளத்தில் மயங்காதீர்கள். உங்களுடைய ஆகக் கஷ்டமான ஃப்ளோவைக் கொடுங்கள்: லாகின், ஒவ்வொரு பக்கத்திலும் மாறும் டோக்கன் (சர்வர் தரும் அடையாளக் குறி), ஃபைல் அப்லோட். ரெக்கார்ட் செய்த ஸ்கிரிப்ட் மறுநாளும், வேறு யூசரிலும் ஓடுகிறதா பாருங்கள். டோக்கன் காலாவதியாகி லாகின் பக்கம் 200 ("எல்லாம் சரி") குறியீட்டோடு திரும்பி வந்தாலும் டூல் அதைப் பாஸ் என்றே எண்ணும். அதனால் பக்கத்தில் வர வேண்டிய ஒரு வார்த்தையையாவது சரிபார்க்கும் அசர்ஷன் போடுங்கள். கையெழுத்துப் போடும் முன் இரண்டு கேள்வியை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: மூல ரிசல்ட் முழுவதையும் வெளியே எடுக்க முடியுமா? லைசென்ஸ் முடிந்த மறுநாள் நம் ஸ்கிரிப்ட்டைத் திறக்க முடியுமா?