எல்லோருமே கோச்தான்

செவ்வாய்க்கிழமை கல்லூரி பேஸ்பால் ஆட்டம் முடிந்ததுமே ரசிகர்களின் கச்சேரி தொடங்கிவிடும். "ஏழாவது இன்னிங்ஸ்ல அந்தப் பிட்சரை (பந்து எறியிறவனை) கோச் ஏன் மாத்தினான்?" மாற்றாமல் விட்டிருந்தால், "களைச்சுப்போனவனை ஏன் விட்டுவச்சான்?"

கல்லூரி பேஸ்பாலில் நல்ல பிட்சர்களை வார இறுதித் தொடருக்கு வைத்துக்கொண்டு, வார நடுவில் புதுப் பையன்களை இறக்கிப் பார்ப்பார்கள். ஊரறிந்த வழக்கம். இந்த ரசிகர்களுக்கு மட்டும் வாராவாரம் அதிர்ச்சி! வெள்ளிக்கிழமை நூறு பந்து எறிந்தவன் செவ்வாயும் எறிய வேண்டுமாம். முழங்கை போனால் அதைச் சரிசெய்யும் டாமி ஜான் அறுவை சிகிச்சை, குறைந்தது ஒரு வருஷம் காலி. இவர்கள் கையா போகிறது?

அப்புறம் பேட்டிங் வரிசை. இரண்டு ஆட்டம் சொதப்பியவனைக் கடைசி இடமான ஒன்பதாம் இடத்துக்குத் தள்ளு என்பார்கள். மறுநாளே அவன் ஹோம்ரன் அடித்தால், "நான் அப்பவே சொன்னேன்." எப்ப சொன்னீங்க சாமி?

2023இல் ஒமாஹா நகரில் நடந்த கல்லூரி சாம்பியன்ஷிப்பின் மூன்று ஆட்ட இறுதிச் சுற்றில், இரண்டாவது ஆட்டத்தில் எல்எஸ்யூ (லூசியானா மாநிலப் பல்கலைக்கழக அணி) 24-4 என்று ஃப்ளோரிடா அணியிடம் உதை வாங்கியது. மறுநாள் 18-4 என்று அடித்துக் கோப்பையைத் தூக்கியது. இதைப் பார்த்தாவது ஒரே ஒரு இரவு வாயை மூடிக்கொண்டு தூங்குவார்களா? ம்ஹூம். இப்போதே வெள்ளிக்கிழமைக்கு யார் எறிய வேண்டும் என்று பட்டியல் தயார். அதில் ஒருவன் காயம்பட்டுக் கட்டுப்போட்டு உட்கார்ந்திருக்கிறான்.