எழுத்துல ஏதாவது இருக்கா?

வெள்ளிக்கிழமை நேரலையைப் பார்த்தவர்களுக்கு நான் மறுபடி கதை சொல்ல வேண்டியதில்லை. "இங்கிலாந்தின் கத்தோலிக்க ராஜா இரண்டாம் ஜேம்ஸ் 1687லேயே எல்லாருக்கும் மதச் சுதந்திரம் கொடுத்தார், பாராளுமன்றமும் பிஷப்மாரும்தான் கெடுத்தார்கள், நல்ல மனசுள்ள ஒரு ராஜா போதும்" என்று அதில் பேசிய நண்பர் முடித்தார். நான் மறுத்து இரண்டு வரி போட்டேன். "உங்களுக்குக் கத்தோலிக்கர் மேல் காழ்ப்பு" என்று பதில் வந்தது. அதற்கு எத்தனை லைக்! மூன்று நாளாக உறுத்திக்கொண்டே இருக்கிறது.

ஜேம்ஸ் கொடுத்ததற்குப் பெயர் அனுமதி. சுதந்திரம் வேறு. இந்த ஒன்றைத்தான் அங்கேயும் சொன்னேன்.

1687 ஏப்ரலில் அவர் வெளியிட்ட பிரகடனம், அரசு சபையான இங்கிலாந்து திருச்சபைக்கு வெளியே இருந்த கத்தோலிக்கர், பாப்டிஸ்டுகள், குவேக்கர்கள் எல்லாரும் வெளிப்படையாக ஆராதனை நடத்தலாம் என்றது. நல்ல காரியம், சந்தேகமே இல்லை. ஆனால் எப்படிச் செய்தார்? அதைத் தடுத்துப் பாராளுமன்றம் இயற்றிய சட்டங்கள் செல்லாது என்று தன் கையெழுத்திலேயே நிறுத்தி வைத்தார். 1685 நவம்பரில் ஒத்திவைத்த பாராளுமன்றத்தை அவர் அப்புறம் கூட்டவே இல்லை. கத்தோலிக்கர் படைப் பதவி வகிக்கச் சட்டத்தில் தடை இருந்தது. 1686இல் எட்வர்ட் ஹேல்ஸ் என்ற கத்தோலிக்கப் படை அதிகாரியின் வண்டிக்காரனை விட்டே, அந்தச் சட்டத்தின்படி ஹேல்ஸ்மேல் வழக்குப் போடவைத்தார்கள். ஒத்துவராத நீதிபதிகளை ராஜா முன்கூட்டியே மாற்றியிருந்தார். 12 பேரில் 11 பேர், ராஜா தனக்கு வேண்டியவருக்குச் சட்டத்திலிருந்து விலக்குத் தரலாம் என்று தீர்ப்புச் சொன்னார்கள். ஒரு கையெழுத்தில் சட்டத்தை நிறுத்த முடிந்தவர் அதே கையெழுத்தில் உங்கள் கோயில் கதவையும் சாத்தலாமே?

ஊகம் என்பீர்கள். கடல் தாண்டிப் பாருங்கள். பிரான்சில் 1598இல் நான்காம் ஹென்றி நான்ட் நகர ஆணை மூலம் புராட்டஸ்டண்டுகளுக்கு உரிமை கொடுத்தார். 1685 அக்டோபரில் அவருடைய பேரன் பதினான்காம் லூயி அதை ரத்து செய்தார். தாத்தா கொடுத்ததைப் பேரன் எடுத்துக்கொண்டார். அங்கிருந்து ஓடிவந்த குடும்பங்கள் லண்டன் தெருக்களில் நின்றபோதுதான் ஜேம்ஸ் "என்னை நம்புங்கள்" என்றார். நம்பத் தயங்கியவர்களை எப்படிக் குறை சொல்வது?

"சிறையில் கிடந்தவனுக்கு யார் கதவைத் திறந்தால் என்ன?" என்று ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. என்னை அசைத்ததும் இது ஒன்றுதான். ஜான் பனியன் என்ற ஆங்கிலப் பிரசங்கியார் 12 வருஷம் பெட்ஃபோர்ட் சிறையில் இருந்தார். அரசு சபைக்கு வெளியே பிரசங்கம் செய்ததுதான் குற்றம். எங்கள் வீட்டில் அப்பா இரட்சணிய யாத்திரிகத்தைப் பாட்டுப் பாட்டாகச் சொல்லுவார். கிருஷ்ணபிள்ளை எழுதிய அந்தக் காவியத்துக்கு மூலக்கதை தந்த அதே பனியன்தான். 1672இல் ஜேம்ஸின் அண்ணன் இரண்டாம் சார்லஸ் இப்படியே ஒரு பிரகடனம் விட்டார். பனியன் வெளியே வந்தார், பிரசங்கிக்க லைசென்ஸும் கிடைத்தது. மறு வருஷமே பாராளுமன்றம் நெருக்க, ராஜா பிரகடனத்தை வாபஸ் வாங்கினார். 1675இல் லைசென்ஸும் போயிற்று. பனியன் மறுபடி சிறைக்குப் போனார். திறந்த கதவு நிஜம்தான் ஐயா. அது எவ்வளவு நாள் திறந்திருந்தது என்று பாருங்கள்.

"அப்போ பாராளுமன்றம் மட்டும் யோக்கியமா?" இல்லை. 1662இல் அரசு சபையின் முறைக்கு ஒத்துவராத சுமார் 2,000 பாதிரிமாரை வெளியே தள்ளியது பாராளுமன்றச் சட்டம்தான். ஜேம்ஸ் பதவி இழந்த பிறகு பாராளுமன்றம் கொண்டுவந்த 1689 சகிப்புச் சட்டமும் புராட்டஸ்டண்டுகளுக்கு மட்டும்தான் கதவு திறந்தது. கத்தோலிக்கர் பாராளுமன்றத்தில் உட்கார 1829 வரை காத்திருந்தார்கள். 140 வருஷம்! அது அநியாயம் என்று நானும் சொல்கிறேன். ஆனாலும் 1689இல் கிடைத்த கொஞ்சத்தை அதற்குப் பிறகு எந்த ராஜாவாலும் ஒரு கையெழுத்தில் பறிக்க முடியவில்லை.

பிஷப்மாரை வில்லன்களாக்குவதும் எனக்குத் தாங்கவில்லை. ஜேம்ஸ் தன் பிரகடனத்தைக் கோயில்களில் வாசிக்கச் சொன்னபோது ஏழு பிஷப்மார் அவரிடம் மனுக் கொடுத்தார்கள். சபைக்கு வெளியே இருப்பவர்கள்மேல் எங்களுக்குக் கரிசனம் இல்லாமல் இல்லை, சட்டத்தை நிறுத்தும் அதிகாரம் ராஜாவுக்குக் கிடையாது என்பதே எங்கள் தடை என்று அதிலேயே எழுதினார்கள். அவர்களைப் படகில் ஏற்றி லண்டன் டவர் சிறைக்குக் கொண்டுபோனபோது தேம்ஸ் கரையில் ஜனங்கள் முழங்காலிட்டு ஆசீர்வாதம் கேட்டார்கள். 1688 ஜூன் 30 அன்று ஜூரி விடுதலை செய்தது. ராஜாவின் சொந்தப் படையே ஹவுன்ஸ்லோ முகாமில் ஆரவாரம் செய்தது.

இப்போது காழ்ப்புக்கு வருகிறேன். என் அம்மா ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்கர்), அப்பா சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை, புராட்டஸ்டண்டு). பாளையங்கோட்டையில் நாற்பது வருஷம் ஒரே வீட்டில் ஜெபமாலையும் ஞானப்பாட்டும் சேர்ந்தே இருந்தன. அப்பாவை அடக்கம் செய்த அன்று எங்கள் சேகரத்து ஐயர் (அப்பா சபையின் போதகர்) அம்மா கையைப் பிடித்து, "கவலைப்படாதீங்கம்மா, ஐயா பக்கத்துலயே உங்களுக்கும் இடம் உண்டு" என்றார். மனசார சொன்னார். அம்மா ஏழு வருஷம் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். கல்லறைத் தோட்டத்துக்குப் போகும்போதெல்லாம் அந்த இடத்துப் புல்லைக் கையாலேயே பிடுங்கிவிட்டு வருவாள். அதற்குள் ஐயர் மாற்றலாகிப் போய்விட்டார். அம்மா இறந்த அன்று காலையில் கமிட்டிக்காரர் ஒருவரிடம் போய் நின்றேன். அவர் கத்தவில்லை, திட்டவில்லை. "எழுத்துல ஏதாவது இருக்கா தம்பி?" என்று மட்டும் கேட்டார்.

இல்லை. எழுத்தில் ஒன்றும் இல்லை.

அந்த ஐயரைக் குறைசொல்ல எனக்கு இன்றுவரை மனசு வரவில்லை. நல்ல மனிதர். நல்ல மனசுள்ள ஒருவர் போதும் என்று வெள்ளிக்கிழமை கேட்டபோது எனக்கு ஏன் தொண்டை அடைத்தது என்று இப்போதாவது புரியும் என்று நினைக்கிறேன். கத்தோலிக்கர்மேல் காழ்ப்பு என்று எழுதிய நண்பர் அந்த வரியை எடுத்துவிட்டால் போதும், மன்னிப்பெல்லாம் வேண்டாம்.

வருகிற நவம்பர் 2 கல்லறைத் திருநாள். வழக்கம்போல் அம்மாவுக்கு மெழுகுவத்தி ஏற்றிவிட்டு, பஸ் பிடித்து அப்பாவிடம் போவேன். அந்தப் பக்கத்து இடத்தில் இன்னும் யாரையும் வைக்கவில்லை. புல்தான் முளைத்துக் கிடக்கிறது.