அரசு இசைப்பள்ளியை எதை வைத்து எடை போடுகிறோம்?

"அரசு இசைப்பள்ளியில் படிச்சு யாருங்க பெரிய வித்துவான் ஆனாங்க?" என்று அடிக்கடி கேட்கிறார்கள். இசையில் நல்ல ரசனை உள்ளவர்களே கேட்கும்போது மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. மார்கழிக் கச்சேரி மேடையில் யார் உட்கார்ந்தார்கள் என்று எண்ணிப் பார்த்து ஒரு மாவட்ட இசைப்பள்ளிக்கு மார்க் போடக் கூடாது. அந்த மாவட்டத்துக் கோயில்களிலும் கல்யாணங்களிலும் வாசிக்க ஆள் இருக்கிறார்களா, தேவாரம் பாட ஒருவர் இருக்கிறாரா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும்.

தமிழ்நாட்டில் கலை பண்பாட்டுத் துறையின் கீழ் 17 மாவட்ட அரசு இசைப்பள்ளிகள் நடக்கின்றன. குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் என்று ஏழு பிரிவுகள். 12 வயது முதல் 25 வயது வரை சேரலாம், மூன்று வருடப் படிப்பு. கட்டணம் வருடத்துக்குச் சில நூறு ரூபாய்தான். சேர்க்கை அறிவிப்பில் ஒரு வரி வரும்: மற்ற பிரிவுகளுக்கு ஏழாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும், நாதசுரம், தவில், தேவாரம் மூன்றுக்கும் எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும். இந்த வரியை எழுதியவர் யாராக இருந்தாலும் அவருக்கு ஒரு கும்பிடு. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட பையனுக்கும் வாசல் திறந்திருக்கிறது. பரம்பரையாக வாசிக்கும் வீட்டில் பிறக்காத பிள்ளையும், பெண்பிள்ளையும் இதே படிவத்தைத்தான் பூர்த்தி செய்கிறார்கள். முன்பெல்லாம் ஒரு நாதசுர வித்துவானிடம் சீடனாகச் சேர வேண்டுமென்றால் உறவோ தெரிந்தவர் சிபாரிசோ இல்லாமல் சுலபத்தில் நடக்காது.

எல்லோருக்கும் வாசல் திறக்கும் இந்த வேலையைப் பொதுக் காசில் நடக்கும் இசைக்கல்வி பெரிய அளவிலும் செய்து காட்டியிருக்கிறது. 1949இல் சென்னையில் அரசு இசைக் கல்லூரி தொடங்கியபோது முதல்வராக வந்தவர் புகழ்பெற்ற பாடகர் முசிறி சுப்பிரமணிய ஐயர். பெயர் பெற்ற வீணைக் கலைஞர் தனம்மாளின் பேத்தி, பாடகி டி. பிருந்தா அங்கே ஆசிரியராக இருந்தார். அந்தக் குடும்பத்துப் பதங்களும் ஜாவளிகளும் (காதலைப் பாடும் பாட்டு வகைகள்) வெளியாட்களுக்கு எளிதில் கிடைக்காதவை என்று பேர் பெற்றவை. அப்படிப்பட்டவரிடம் வகுப்பறையில் உட்கார்ந்து படிக்க வழி செய்தது ஒரு அரசுக் கல்லூரி.

சரி, மாவட்டத்துக்கு வருவோம். ஒரு நாதசுர வகுப்பில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பாருங்கள். சீவாளியை, அதாவது நாதசுரத்தின் வாயில் செருகி ஊதும் சின்னத் துண்டை, வாயில் நனைத்து, உதட்டில் பிடித்து, அடிவயிற்றிலிருந்து காற்றை விட்டால் புதுப் பிள்ளைக்கு வருவது வெறும் 'பீ' சத்தம். சட்ஜம், அதாவது 'ஸ' என்ற முதல் ஸ்வரம், ஆடாமல் நிற்கவே வாரக்கணக்கில் ஆகும். வாத்தியார் தன் வாத்தியத்தில் கொத்தாகத் தொங்கும் சீவாளிகளில் ஒன்றை மாற்றிப் போட்டு, ஊதிப் பார்த்து, தலையை ஆட்டிவிட்டு இன்னொன்றை எடுப்பார். எந்தச் சீவாளி எப்போது ஒத்துழைக்கும் என்பதைப் புத்தகத்தில் எழுதிக் கொடுக்க முடியாது. பக்கத்து அறையில் தவில் பிள்ளைகள் பலகையில் தட்டியபடி சொற்கட்டை, அதாவது தாளச் சொற்களை, வாயால் சொல்லிக்கொண்டிருப்பார்கள். விரலில் கூடு மாட்டித் தவிலைத் தொடுவதெல்லாம் அப்புறம். இதையெல்லாம் யூடியூப் பார்த்துக் கற்றுக்கொள்ள முடியும் என்று யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன்.

நாதசுரமும் தவிலும் வாசிக்க ஆள் இல்லாத இடத்தில் என்ன நடக்கிறது என்று நாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். எத்தனையோ கோயில்களில் தீபாராதனை நேரத்தில் சுவிட்சைப் போட்டால் மோட்டாரே மேளமும் மணியும் அடிக்கிறது. கல்யாண ஊர்வலத்துக்குக் கேரளத்துச் செண்டை மேளம் வருகிறது. செண்டை மேல் எனக்குக் கோபம் கிடையாது, அது அருமையான கலை. ஆனால் கும்பகோணம் பக்கத்தில் நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் நாதசுரம் செய்து, 2022இல் இந்த ஊருக்கே உரிய பொருள் என்று புவிசார் குறியீடும் வாங்கிவிட்டு, அதை ஊத ஆள் இல்லாமல் போனால் அந்தச் சான்றிதழை வைத்து என்ன செய்வது?

குறைகளும் இருக்கின்றன. எனக்குத் தெரிந்த ஒரு பள்ளியில் ஒரு பிரிவுக்கு ஆசிரியர் ஓய்வுபெற்ற பிறகு இடம் ரொம்ப நாள் காலியாகவே கிடந்தது. ஆசிரியர் இல்லை என்று பிள்ளைகள் சேரவில்லை. அப்புறம், பிள்ளைகளே சேருவதில்லை என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். இது அநியாயம். பாட்டு வாத்தியாரை அவசரத்துக்குத் தவில் வகுப்பில் உட்கார வைக்க முடியாது. ஓய்வுபெறும் தேதி முன்கூட்டியே தெரிந்ததுதானே, அதற்குள் அடுத்தவரைப் போட்டுவிட வேண்டும்.

படித்து முடித்த பிள்ளைக்கு வேலையும் வேண்டும். கோயில்களில் நாதசுரம், தவில், ஓதுவார் (தேவாரம் பாடுபவர்) பணியிடங்கள் காலியானால் உடனே நிரப்ப வேண்டும், குடும்பம் நடத்தும் அளவுக்குச் சம்பளம் வேண்டும். பெண்களும் அரசு நியமனத்தில் ஓதுவார்களாக வந்துவிட்டார்கள். தேவாரப் பிரிவில் சேரத் தயங்கும் பெண்பிள்ளைகளின் வீடுகளுக்கு இந்தச் செய்தி போய்ச் சேர வேண்டும்.

பள்ளி ஆசிரியர்கள் இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். உங்கள் வகுப்பில் பெஞ்சில் தாளம் போட்டுத் திட்டு வாங்கும் பிள்ளை ஒன்று நிச்சயம் இருக்கும். அடுத்த சேர்க்கை அறிவிப்பு வரும்போது அதன் அம்மா அப்பாவிடம் இந்தப் பள்ளியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லுங்கள். உங்கள் மாவட்டத்தில் இசைப்பள்ளி எந்தத் தெருவில் இருக்கிறது என்று தெரிந்தவர்கள் கமெண்டில் எழுதுங்கள், தேடுகிறவர்களுக்கு உதவும்.