பயமுறுத்தாமல் பேசவே தெரியாதா?

“பருவநிலை மாற்றத்தால் பன்னிரண்டே ஆண்டுகளில் உலகம் அழியும்” என்ற பல்லவியை எத்தனை முறைதான் கேட்பது? 2018இல் வந்த, ஐ.நா.வின் பருவநிலை அறிவியல் குழுவான ஐ.பி.சி.சி.யின் அறிக்கை அப்படிச் சொல்லவே இல்லை. புவி வெப்ப உயர்வை 1.5 பாகை செல்சியசுக்குள் நிறுத்த, 2030க்குள் கரியமில வாயு வெளியேற்றத்தை 2010இன் அளவிலிருந்து ஏறத்தாழ 45 விழுக்காடு குறைக்க வேண்டும் என்றுதான் சொன்னது. கெடுவை உலக முடிவாகத் திரித்தவர்கள் யார்?

நேற்று மலேசியாவின் பினாங்கில், ஜெலுத்தோங் சந்தையில், மீன் பொதியிலிருந்து நீர் சொட்டச் சொட்ட நின்ற பாட்டியிடம், பை கொண்டுவராததால் பேரப்பிள்ளைகளின் எதிர்காலத்தையே அவர் அழிப்பதாக முற்போக்கு இளைஞர் ஒருவர் பாடம் நடத்தினார். இலவச நெகிழிப் பை இல்லா நாளை 2009இலேயே தொடங்கிய பினாங்கில், அப்போதே ஒரு பைக்கு 20 காசு முணுமுணுக்காமல் கொடுத்துப் பழகியவரிடமா இந்த மிரட்டல்? பாட்டி பேருந்துக்கு வெயிலில் காத்திருந்தார். உபதேசித்தவரோ காரில் ஏறிப் போனார்.