ரோமிலிருந்து ஒரே நாளில் பொம்பெய்யா? ஒஸ்தியாவுக்குப் போங்கள்

ஐரோப்பா சுற்றுலாத் திட்டங்களில் "ரோமிலிருந்து பொம்பெய், ஒரே நாளில்" என்று ஒரு வரி தவறாமல் இருக்கும். பேருந்தில் போக ஏறக்குறைய மூன்று மணி நேரம், திரும்ப மூன்று மணி நேரம். சாப்பாடு, வரிசை, கழிப்பறை எல்லாம் போக ஊருக்குள் நிற்பது இரண்டு மணி நேரம் இருந்தால் அதிகம். எரிமலைச் சாம்பலில் புதைந்துபோன 66 ஹெக்டேர் ரோமானிய ஊரை அதற்குள் எப்படிப் பார்ப்பது? முன்னால் கொடி பிடித்துப் போகிறவரின் முதுகைத்தான் பார்க்கலாம்.

பொம்பெய்க்குப் போவதென்றால் நேப்பிள்ஸில் இரண்டு இரவாவது தங்குங்கள். ஒரு நாள் ஊருக்கு, ஒரு நாள் நேப்பிள்ஸ் தொல்பொருள் அருங்காட்சியகத்துக்கு (செவ்வாய் விடுமுறை). நல்ல மொசைக்குகளையும் சுவரோவியங்களையும் பெரும்பாலும் பெயர்த்து அங்கேதான் வைத்திருக்கிறார்கள். 1938-இல் பொம்பெய் வீடொன்றில் கிடைத்த இந்தியத் தந்தச் சிலையும் அங்கேதான் இருக்கிறது.

அவ்வளவு நாள் கையில் இல்லையா? ரோமுக்குப் பக்கத்திலேயே இருக்கும் இன்னொரு பழைய ரோமானிய ஊரான ஒஸ்தியா அந்தீக்காவுக்குப் போங்கள். இதை இரண்டாந்தர மாற்றாகச் சொல்லவில்லை. பொம்பெய்யில் அதிகம் பார்ப்பது முற்றம் வைத்த தனி வீடுகளை. ஒஸ்தியாவில் நிற்பவை கி.பி. 2-ஆம் நூற்றாண்டின் செங்கல் அடுக்குமாடிகள். ரோம் நகரத்துச் சாதாரண ஜனம் வாடகைக்கு எப்படிக் குடியிருந்தது என்பது இங்கேதான் புரியும்.

திபெர் ஆற்றின் முகத்துவாரத்தில் இருந்த துறைமுக ஊர் இது. வண்டல் சேர்ந்து சேர்ந்து இன்று கடல் சுமார் 3 கி.மீ. தள்ளிப் போய்விட்டது. எரிமலை எதுவும் மூடவில்லை. வியாபாரம் போனது, ஆட்கள் மெல்ல மெல்ல விட்டுப் போனார்கள், மண் மூடியது. அதனால் பொம்பெய்யில் இருப்பதுபோலக் கருகிய ரொட்டி, சாம்பலில் புதைந்தவர்களின் உடல் அச்சுகள் எல்லாம் இங்கே கிடையாது. இன்னொரு வருத்தமும் உண்டு. 1942 உலகப் பொருட்காட்சியில் காட்டுவதற்காக முசோலினி ஆட்சி 1938 முதல் அவசர அவசரமாக இந்த ஊரைத் தோண்டியது. பிற்காலக் குடியிருப்பின் அடுக்குகளைச் சரியாகப் பதிவுகூடச் செய்யாமல் வாரிக் கொட்டிவிட்டார்கள். பொருட்காட்சியோ போரினால் நடக்கவே இல்லை.

போகும் வழி: மெட்ரோ பி தடத்தில் பிரமிதே நிலையத்தில் இறங்கி, ஒட்டியே இருக்கும் போர்த்தா சான் பாவ்லோ நிலையத்தில் லிதோ ரயிலை (இப்போதைய பெயர் மெட்ரோமாரே) பிடியுங்கள். அரை மணி நேரப் பயணம், நகரப் பயணச்சீட்டே செல்லும். இறங்க வேண்டியது ஒஸ்தியா அந்தீக்காவில். தூங்கிவிட்டால் கடற்கரை நிலையங்களுக்குப் போய்விடுவீர்கள். நெடுஞ்சாலைக்கு மேலே நடைமேம்பாலம், அப்புறம் சில நிமிட நடை. திங்கட்கிழமை மூடியிருக்கும். மாதத்தின் முதல் ஞாயிறு இலவசம், கூட்டமும் அதற்கேற்ப.

காலையில் திறந்ததும் உள்ளே போய்விடுங்கள். குறைந்தது நான்கு மணி நேரம் வேண்டும். பிரதான வீதி ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளம். கருங்கல் பாளங்கள் ஏற்ற இறக்கமாகக் கிடக்கும், மழை பெய்தால் வழுக்கும். செருப்போடு போனால் கணுக்கால் பிசகும்.

நெப்டியூன் குளியலகத்தின் மொசைக்கை மேலேறி நின்றுதான் பார்க்க வேண்டும். குளிர்காலத்தில் பனியிலிருந்து காப்பாற்றச் சில மொசைக்குகளை மூடி வைப்பார்கள். அதற்காகவே போகிறவர்கள் வேறு மாதம் பாருங்கள். அரங்கத்தின் பின்னால் இருக்கும் சதுக்கத்தை மட்டும் அவசரப்படாமல் சுற்றுங்கள். சுற்றிலும் கப்பல் வியாபாரிகளின் அறைகள், ஒவ்வொன்றின் வாசலிலும் கறுப்பு வெள்ளையில் விளம்பரம். யானை போட்டிருப்பது லிபியாவின் சப்ராத்தா ஊர்க்காரர்களுடையது.

அடுத்து, தலையைக் குனிந்து கடை வாசற்படிகளைப் பாருங்கள். கல்லில் நீளமாக ஒரு காடி ஓடும், ஒரு ஓரத்தில் மட்டும் நின்றுவிடும். நம்மூர்ப் பழைய மளிகைக் கடைகளில் எண் போட்ட பலகைகளைச் செருகிப் பூட்டுவார்களே, அதே முறைதான். காடி இல்லாத ஓரம் ஆள் நுழையும் கதவுக்கு. வாசலுக்கு மேலே சின்ன ஜன்னல் தெரிந்தால், அது கடைக்காரர் குடும்பம் படுத்த பரணுக்கு வெளிச்சம். பக்கத்திலேயே தெருவிலிருந்து நேராக ஏறும் படிக்கட்டு, மாடியில் குடியிருந்தவர்களுக்கு.

மாவாலைத் தெருவின் ரொட்டிக் கூடத்தில் எரிமலைக் கல் திரிகைகள் நிற்கின்றன. அடியில் கூம்பு, மேலே உடுக்கை வடிவக் கல். மேல் வாயில் தானியத்தைக் கொட்டி, கழுதை கட்டிச் சுற்றினால் இரண்டு கல்லுக்கும் நடுவிலிருந்து மாவு விழும். கழுதை சுற்றி நடந்த தரையையும் கெட்டிக் கல்லாகவே பாவியிருக்கிறார்கள், குளம்பு பட்டுத் தேயாமல் இருக்க. கொஞ்ச தூரத்தில் சலவைக்கல் மேடையோடு ஒரு சாப்பாட்டுக் கடை. மேடையின் அடியில் பாத்திரம் கழுவும் தொட்டிகள், சுவரில் உணவுப் பண்டங்களின் ஓவியம். எல்லாரும் படமெடுக்கும் பொதுக் கழிப்பறை, மன்றத்தை (ஃபோரம் என்னும் ஊர்ப் பொதுச் சதுக்கம்) ஒட்டிய குளியலகத்தின் அருகில்; ஒரு பார்வை போதும்.

குழுக்கள் பெரும்பாலும் மன்றத்தோடு திரும்பிவிடும். தாண்டிப் போனால் ஊரே உங்களுக்குத்தான். கடைக்கோடியில் 1961-இல் கண்டெடுத்த யூதத் தொழுகைக்கூடம் இருக்கிறது. சில ஓவிய வீடுகளைக் குறிப்பிட்ட நாட்களில், முன்பதிவோடுதான் காட்டுவார்கள். கிளம்பும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள். கோடையில் கொசு விரட்டும் களிம்பு அவசியம். அந்த மாதங்களில் ஞாயிறு மாலை ரயிலையும் தவிர்த்துவிடுங்கள்: கடலில் குளித்துத் திரும்பும் மொத்த ரோமும் அதில்தான் ஏறும், அந்தத் தடம் தாமதத்துக்குப் பேர்போனது வேறு.