30 சதவீதத்தில் நின்ற லேப்டாப்

கோத்தகிரியில் காற்று பலமாக அடித்தால் எங்காவது ஒரு சில்வர் ஓக் கிளை முறிந்து கம்பி மேல் விழும், கரண்ட் போகும். அது பழகிவிட்டது. இந்த லேப்டாப் அப்டேட்தான் பழகவே மாட்டேன் என்கிறது. நேற்று மகளின் கல்லூரி விண்ணப்பத்துக்குக் கடைசி நாள். லேப்டாப்பை ஆன் செய்தால் நீலத் திரை: '30% முடிந்தது, கணினியை அணைக்க வேண்டாம்.' என்னைக் கேட்டுவிட்டுத் தொடங்கக் கூடாதா? புள்ளிகள் சுற்றிக்கொண்டே இருந்தன, 30 மட்டும் 31 ஆகவில்லை. அதற்குள் கரண்ட் போனது. பழைய பேட்டரி, 20 நிமிடத்தில் தீர்ந்துவிட்டது. கரண்ட் வந்ததும் மறுபடி ஆன் செய்தோம். பாதியில் நின்ற மாற்றங்களை நீக்கவே ஒரு மணி நேரம்! அப்புறம் என்ன, குளிரில் விரல் விறைக்க, சான்றிதழ்களை ஒவ்வொன்றாகப் போனில் படமெடுத்து ஏற்றினாள், பாவம்.