தெரு முழுக்க நடந்து பாருங்கள்

புறநகர்க் கடைவீதி ஒன்றின் உணவகங்களைப் பற்றிய கட்டுரை ஒன்றைப் படித்தேன். அங்கே இத்தனை விதமான உணவகங்களா என்று அதை எழுதியவர் வியந்திருக்கிறார். எனக்கு அதில் மகிழ்ச்சிதான். பெருநகரத்தின் மையப் பகுதியைவிடப் பெரும்பாலும் வாடகை குறைவு என்பதால், ஒரு குடும்பமே சேர்ந்து நடத்தும் சின்னக் கடைகூட அங்கே தாக்குப்பிடிக்க முடிகிறது. வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்து குடியேறியவர்களின் வீட்டுச் சமையல் அப்படித்தான் தெருவுக்கு வருகிறது.

நட்சத்திர மதிப்பீட்டை மட்டும் நம்பாதீர்கள், புதுக் கடைக்கு நாலைந்து பேர்தான் போட்டிருப்பார்கள். தெரு முழுக்க ஒருமுறை நடந்துவிட்டு, உணவுப் பட்டியல் சின்னதாக இருக்கும் இடத்தில் உட்காருங்கள். குறைவான வகைகள் என்றால் அன்றன்றைக்குச் சமைக்க வாய்ப்பு அதிகம். அப்புறம், வார நாளில் போங்கள். கூட்டமில்லாத நேரத்தில், எது நன்றாக இருக்கும் என்று பரிமாறுபவரிடமே நிதானமாகக் கேட்கலாம்.